ஆசிரியருக்குக் கடிதம்: பானெட்டில் நிற்கும் துளி தாமரை இலைத் துளி ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், காருக்குப் பூசும் செராமிக் கோட்டிங் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தாமரை இலையின் ரகசியம் இப்போது காருக்கும் வந்துவிட்டது, இனி மழையே வண்டியைக் கழுவிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் பெரிய வண்ணப்படம். கறுப்பு கார் ஒன்றின் பானெட் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். படம் அருமை. ஆனால் கட்டுரை சொன்னது தவறு என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

பானெட் சமதளம் கிடையாது. முன்பக்கம் நன்றாகச் சரிந்து இறங்கும். தாமரை இலையின் குணம் நிஜமாகவே அந்த பானெட்டுக்கு இருந்தால், அந்தச் சரிவில் ஒரு துளிகூட நின்றிருக்காது. படம் எடுக்க வந்தவர் கேமராவைத் திறப்பதற்குள் எல்லாம் உருண்டு தரைக்குப் போயிருக்கும். நூற்றுக்கணக்கான துளிகள் அசையாமல் நிற்கின்றன என்றால், அந்தப் பரப்பு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் கார் பராமரிப்புக் கடை நடத்துகிறேன். ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடி இங்கே வந்து, ஜே.சி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் நின்று, அப்புறம் பாலிஷ் வேலை கற்றுக்கொண்டு, கடைசியில் சொந்தக் கடை. ஃபோம் வாஷ், பஃபிங், கோட்டிங் எல்லாம் செய்கிறோம். ஆகவே இந்தக் கடிதம் கோட்டிங்குக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். அதைப் பூசித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒழுங்காகப் பூசினால் பெயிண்ட் சீக்கிரம் மங்காது, அழுக்கு லேசில் விடும், கழுவத் தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். இவ்வளவு நல்ல பொருளுக்கு இல்லாத பெருமையைச் சேர்த்து விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி ஏஜென்ட் ஒருவர் கடைக்கு வந்து, தாமரை படம் போட்ட பாட்டிலை மேஜைமேல் வைத்து, "அண்ணா, இதப் போட்டா மூணு வருஷம் வண்டி கழுவவே வேணாம்னு கஸ்டமர்கிட்ட தைரியமா சொல்லுங்க" என்கிறார். வேறெங்கோ அதை நம்பிப் பணம் கட்டியவர்கள், வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகளோடு என் கடைக்கு வந்து நிற்கிறார்கள். பத்திரிகையும் அதையே எழுதினால் நாங்கள் உண்மையை எப்படி எடுத்துச் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பில் படித்த சேர்கோணம் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில், தண்ணீருக்கு உள்பக்கமாக அளக்கும் கோணம் அது. அந்தக் கோணத்தை எது தீர்மானிக்கிறது என்பதை 1805லேயே இங்கிலாந்தின் தாமஸ் யங் எழுதிவிட்டார். சுத்தமாகத் துடைத்த கண்ணாடியில் தண்ணீர் பரவிவிடும். கோணம் மிகச் சிறியது. வாக்ஸ் போட்ட பெயிண்டில் 90 டிகிரியைத் தாண்டும். நல்ல செராமிக் கோட்டிங்கில் 100லிருந்து 110 வரை. தாமரை இலையில் 160 டிகிரி அளவுக்கு இருக்கும், ஏறக்குறைய முழு உருண்டை.

150 டிகிரியைத் தாண்டினால் அதீத நீர்விலக்குப் பரப்பு என்கிறார்கள். அதிலேயே கோட்டிங் அடிபட்டுவிடுகிறது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டாவது நிபந்தனை. பரப்பை 10 டிகிரி சாய்ப்பதற்குள் துளி உருண்டு ஓடிவிட வேண்டும். தாமரை இலையில் இரண்டு மூன்று டிகிரி சாய்த்தாலே ஓடிவிடும். கட்டுரையில் இந்த இரண்டாவது நிபந்தனை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சரிவில் நிற்கும் ஒரு துளியைக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் புரியும். கீழ்ப்பக்க ஓரம் புடைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கும், கோணம் பெரிது. மேல்பக்க ஓரம் இழுபட்டுப் படுத்திருக்கும், கோணம் சிறிது. இந்த இரண்டு கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் துளியின் எடைக்கு எதிராக அதைப் பிடித்து வைக்கிறது. வித்தியாசம் கூடக்கூடப் பிடியும் கூடும். கோட்டிங் போட்ட காரில் பெரிய துளிகள் எடை தாங்காமல் வழிந்துவிட, பொடித் துளிகள் மட்டும் அங்கங்கே நின்றுவிடுவது இதனால்தான். தாமரை இலையில் அந்த வித்தியாசம் சில டிகிரிதான். பொடித் துளிக்கும் பிடி கிடைக்காது.

துளி உருண்டையாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் கே.ஆர். மார்க்கெட்டில் ஒரு சிவப்பு ரோஜா வாங்கி, இதழின் மேல் ஒரு சிறு துளி விட்டுப் பார்க்கலாம். பல ரகங்களில் துளி அழகான உருண்டையாக நிற்கும். இதழைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாமல் தொங்கும். 2008இல் சீன ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தபோது சேர்கோணம் 150 டிகிரியைத் தாண்டியிருந்தது. அவ்வளவு உருண்டையாக இருந்தும் அப்படி ஒரு பிடி.

அடுத்து, தாமரை இலை வழவழப்பானது, மேலே மெழுகு இருப்பதால் தண்ணீர் வழுக்கிவிடுகிறது என்று ஒரு வரி. இதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். உண்மை இதற்கு நேர் எதிர். மெழுகை வழவழப்பாகப் பூசினால் 110 டிகிரி பக்கம்தான் கிடைக்கும். ஃப்ளோரின் சேர்ந்த ஆகச் சிறந்த பொருளை வழவழப்பான பரப்பில் பூசினாலும் 120தான் உச்சம். அதற்கு மேல் எந்த ரசாயனத்தாலும் ஏற்ற முடியாது. மிச்சம் 40 டிகிரியை ஏற்றுவது சொரசொரப்பு.

தாமரை இலையின் மேல்தோல் முழுக்க நுண்ணிய மேடுகள். ஒரு மேட்டின் அளவு சுமார் 10 மைக்ரான், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் ஏழில், எட்டில் ஒரு பங்கு. அந்த மேடுகளின் மேலேயும் இடுக்குகளிலும், அதைவிட நூறு மடங்கு சிறிய மெழுகுக் குழல்கள் அடர்த்தியாக முளைத்திருக்கின்றன. துளி இந்த நுனிகளின் மேல், ஆணிப் படுக்கையில் படுத்த சாமியாரைப் போலக் கிடக்கிறது. அடியில் பெரும்பாலும் காற்று. துணி, இறகு மாதிரி இடைவெளி நிறைந்த பரப்புகளுக்காக காஸி, பாக்ஸ்டர் என்ற இருவர் 1944இல் ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். அதில் மெழுகின் 110 டிகிரியையும் இலையின் 160 டிகிரியையும் போட்டுக் கணக்குப் பார்த்தால், துளியின் அடிப்பாகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இலையைத் தொடவில்லை என்று வருகிறது. மீதி எல்லாம் காற்றின் மேல். இதே சொரசொரப்பில் தண்ணீர் இடுக்குக்குள் இறங்கிவிட்டால் கதை தலைகீழ். தொடும் பரப்பு கூடிப் பிடி இறுகிவிடும். அந்த நிலையை வென்ஸல் என்பவர் 1936லேயே விளக்கியிருந்தார். ரோஜா இதழில் தண்ணீர் பெரிய இடுக்குகளுக்குள் இறங்கிவிடுகிறது, அதனால்தான் தலைகீழாகவும் தொங்குகிறது.

கழுவுவதே தொழிலாக இருப்பதால், இந்த விஷயம் வெளிச்சத்துக்கு வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வரிசையாக இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது இலைப் பரப்பின் வடிவம், செடிகளை வகைப்படுத்துவதற்காக. தூசி இருந்தால் படம் கெடும், ஆகவே இலைகளைக் கழுவிவிட்டு வைக்க வேண்டும். அப்போது கவனித்தார், வழவழப்பான இலைகளைத்தான் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருக்கிறது. சொரசொரப்பான இலைகள் கழுவாமலே சுத்தமாக இருக்கின்றன. சொரசொரப்பில்தானே அழுக்கு சேரும் என்று நாம் நினைப்போம். அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் சேர்ந்து 1997இல் இதை விரிவாக எழுதியபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தூசியும் அந்த நுனிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இலையோடு அதற்குப் பிடி குறைவு, தண்ணீரோடு பிடி அதிகம். உருண்டு வரும் துளி தூசியைத் தன்மேல் ஒட்டவைத்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வழவழப்பான பரப்பில் துளி வழுக்கிக்கொண்டு போகும்போது தூசியைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. கோட்டிங் போட்ட காரின் மேல் மழை பெய்தபிறகு மண்கோடுகள் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பெங்களூரில் தாமரை இலைக்கு லால்பாக் குளம்வரை போக வேண்டியதில்லை. சேப்பங்கிழங்கு இலை போதும். இங்கே கெசு என்பார்கள், கீரைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருவார். பார்த்லாட் ஆராய்ந்த இலைகளில் இதுவும் ஒன்று. கடையில் கோட்டிங் கேட்டு வருபவர்களுக்கு முதலில் இந்த இலையைத்தான் காட்டுகிறேன். நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இலையை லேசாக அசைத்தால் தண்ணீர் உடைந்து பல உருண்டைகளாகும், மறுபடி சேரும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த துளி நல்ல உருண்டையாக இருக்கும். பெரிதாகப் பெரிதாக எடையால் தட்டையாகும். எவ்வளவுதான் ஊற்றினாலும் தேங்கும் தண்ணீரின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. தண்ணீரைச் சுருக்கி உருட்டப் பார்க்கும் பரப்பு இழுவிசையும், தட்டையாக்கப் பார்க்கும் புவியீர்ப்பும் சமரசமாகும் உயரம் அது. அப்புறம் இலையை அப்படியே பக்கெட் தண்ணீருக்குள் அமுக்கிச் சாய்வாகப் பார்க்கச் சொல்வேன். பச்சை இலை வெள்ளித் தகடாகப் பளபளக்கும். இலையின் மேல் ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்தில் வெளிச்சம் முழுவதுமாகத் திரும்பி வருவதால் வரும் பளபளப்பு. வெளியே எடுத்தால் இலை காய்ந்தே இருக்கும். இதைப் பார்க்கும்வரை காற்றின் மேல் துளி நிற்கிறது என்று நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. வெள்ளியைப் பார்த்தபிறகு விளக்கமே தேவைப்படுவதில்லை.

கடையில் வேலை செய்யும் தம்பிகளுக்குப் பிடித்தது துள்ளும் துளி. இன்சுலின் ஊசியின் மெல்லிய முனையிலிருந்து ஒரு துளியை இலைமேல் விட்டால் அது தட்டையாக விரிந்து, சுருங்கி, எம்பிக் குதிக்கும். கண்ணுக்குப் பிடிபடாது. செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வைத்து எடுத்தோம். துளி இலையைத் தொட்டிருப்பது இரண்டு மூன்று படங்களில் மட்டும்தான். விடும் உயரத்தைக் கூட்டிப் பார்த்தோம். இன்னும் அகலமாக விரிகிறது, ஆனால் தொடும் நேரம் மாறவில்லை. சொட்டு மருந்துக் குழாயிலிருந்து பெரிய துளி விட்டால் மட்டும் ஏழெட்டுப் படங்களுக்கு நீள்கிறது. பாரிஸில் தாவீத் கெரே குழுவினர் 2002இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான்: துளி தொட்டிருக்கும் நேரம் அதன் அளவைப் பொறுத்தது, வந்து விழும் வேகத்தைப் பொறுத்தது இல்லை. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள தண்ணீர்த் துளிக்கு ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு. வேகமாக விழுந்தால் அதிகம் விரியும், ஆனால் பரப்பு இழுவிசை அதை அதே அளவுக்கு வேகமாகத் திரும்ப இழுத்துவிடும். ஸ்பிரிங்கில் தொங்கும் எடையை அதிகம் இழுத்து விட்டாலும் அலைவு நேரம் மாறாதே, அந்தக் கணக்கு.

இந்த நேரத்தைக் குறைக்கவே முடியாது என்று இருந்தபோது, 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கிருபா வாரணாசியும் உடனிருந்தவர்களும் அதீத நீர்விலக்குப் பரப்பின் மேல் ஒரு மெல்லிய வரப்பை எழுப்பினார்கள். துளி வரப்பின் மேல் விழுந்து இரண்டாகப் பிரிந்து, தொடும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. சில பட்டாம்பூச்சி இறக்கைகளிலும் நாஸ்டர்ஷியம் என்ற பூச்செடியின் இலைகளிலும் நரம்புகள் இதே வேலையைச் செய்கின்றன என்று காட்டினார்கள். உறையும் குளிரில் மழைத்துளி விமான இறக்கையில் உறைந்து ஒட்டுவதற்குள் குதித்துவிட்டால் எவ்வளவு நல்லது! வாரணாசி சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதே ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவன், பிரான்ஸின் இவ் போமோவுடன் சேர்ந்து 1999இல் இன்னொரு அதிசயத்தைக் கணக்கிட்டுச் சொன்னார். கிளிசரின் மாதிரி பிசுக்கான திரவத்தின் துளிகள் இப்படிப்பட்ட சரிவில் உருளும்போது, சின்னத் துளி பெரிய துளியை முந்தும். பெரியது தன் எடையால் அடியில் அகலமாகப் படிந்துவிடுகிறது. அந்த அகலமான அடியை உருட்டுவதில் வேகம் போய்விடுகிறது. கெரேயின் குழு செய்து பார்த்து அது சரிதான் என்று உறுதிப்படுத்தியது. நம் ஊரில் படித்தவர்களின் இந்த வேலையெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு வரியாவது வர வேண்டாமா? பாட்டில் விற்பவரின் விளம்பர வாசகத்துக்குக் கொடுத்த இடத்தை இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்று மனம் ஆறவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தும் காருக்கு ஏன் நிஜமான தாமரைப் பரப்பைப் பூசுவதில்லை? ஆய்வகங்களில் எத்தனையோ விதமாகச் செய்கிறார்கள். வீட்டுச் சுவருக்கு அந்த அடிப்படையில் பெயிண்ட்கூட ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. காரில் நிற்காததற்குக் காரணத்தைச் சேப்பங்கிழங்கு இலையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். துளி அங்கே போய் நின்றுவிடும், பக்கத்தில் ஓடும். மெழுகுக் குழல்கள் நசுங்கிவிட்டன. வளரும் இலை மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். காரின் பெயிண்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. துணி படும், விரல் படும், ஓசூர் ரோட்டு மண்ணும் புகையும் நாள் முழுக்க உராயும். எண்ணெய்க்குப் பரப்பு இழுவிசை குறைவு, அது இடுக்குக்குள் நேராக இறங்கிவிடும். ஷாம்பு கலந்த தண்ணீரும் அப்படித்தான். முட்டைக்கோஸுக்கும் வெங்காயத்துக்கும் மருந்தடிக்கும் விவசாயிகள் ஒட்டும் திரவம் சேர்ப்பது இலையின் இந்தத் தடுப்பைக் கடக்கத்தான். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையிலும் ஒட்டும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இலையின் மேல் நீராவியைப் படியவிட்டுப் பார்த்தார்கள். ஆவி இடுக்குக்குள் புகுந்து அங்கேயே தண்ணீரானதால் துளிகள் ஒட்டிக்கொண்டன. மார்கழி மாதத்து பெங்களூரில் ராத்திரி முழுக்கப் பனியில் தெருவில் நிற்கும் வண்டிக்கு நடப்பது இதுதானே.

இன்னொரு காரணம், பளபளப்பு. காரைக் கோட்டிங்குக்கு விடுபவர் கேட்பது முகம் தெரியும் பளபளப்பு. பத்து மைக்ரான் மேடுகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், பெயிண்ட் மங்கித் தெரியும். தாமரை இலையையும் சேப்பங்கிழங்கு இலையையும் பாருங்கள், மேல்புறம் மினுக்காது, சாம்பல் பூத்த பச்சை. பளபளவென்று இருக்கும் மாவிலையில் தண்ணீர் தட்டையாக அப்பிக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தைச் சிதறடிக்காத அளவுக்கு மேடுகளைச் சிறிதாக்கலாம், ஆனால் அவ்வளவு சிறியவை இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இப்போதைக்குக் காரில் கண்ணாடிப் பளபளப்பும் தாமரைச் சொரசொரப்பும் நிலைத்து ஒன்றாக நிற்பதில்லை.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். பெங்களூரில் இது பெரிய தலைவலி. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவத் தடை போட்டது, மீறினால் 5000 ரூபாய் அபராதம். சரியான முடிவுதான், குடிக்க இல்லாத தண்ணீரைக் காருக்கு ஊற்றக் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக ஊற்றும் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு உப்பு நிறைய. கோட்டிங் இல்லாத பெயிண்டில் தண்ணீர் படலமாகப் பரவிக் காய்ந்தால், உப்பும் பரவி மெல்லிய வெள்ளைப் பூச்சாக இருக்கும். கோட்டிங் போட்ட பெயிண்டில் அதே உப்பு ஒவ்வொரு துளியிலும் திரண்டு, துளி நின்ற சிறு வட்டத்துக்குள்ளேயே படிந்துவிடும். வெயிலில் சூடான பானெட்டில் மேலும் மேலும் காய்ந்தால் அந்த வட்டம் துணிக்கு அசைவதில்லை, பாலிஷ் மெஷின் எடுக்க வேண்டியிருக்கும். அதாவது துளி ஓடாமல் உருண்டையாக நிற்பதால் வரும் கேடு இது. மழை கழுவிவிடும் என்று சொல்லி விற்றவர்கள் இதைச் சொல்வதே இல்லை. கோட்டிங் போட்டவர்கள் நிழலில் கழுவி, கடைசி ஊற்றலுக்குக் கொஞ்சம் வடிகட்டிய தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்தி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது.

வாசகர்களில் என்னைப்போலத் தொழில் செய்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரே வடிவில் வரும் நீர்விலக்கு மருந்துகளை ஷட்டரை இறக்கிவிட்டு மூடிய இடத்தில் அடிக்காதீர்கள். அந்தப் பொடித் துளிகளை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பையன்களுக்குத் துணி மாஸ்க் போதாது, ரசாயன வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஃப்ளோரின் சேர்ந்த நீர்விலக்குப் பொருள்களில் பல, மண்ணிலும் தண்ணீரிலும் போனால் லேசில் சிதையாது. அந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., லேசில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்டது. சேப்பங்கிழங்குச் செடி சாக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு, ஃப்ளோரின் எதுவும் இல்லாமல், சாதாரண மெழுகை வைத்து 160 டிகிரி எடுக்கிறது. ஆராய்ச்சி அந்தத் திசையில்தான் போக வேண்டும் என்பது என் ஆசை.

தங்களிடம் நான் கேட்பது, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். இலை வழவழப்பு என்பதையும், மழையே கழுவிவிடும் என்பதையும் மாற்றி எழுத வேண்டும். முடிந்தால் தாமரை இலையின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள், பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். இனி இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுத நேர்ந்தால், விற்பவரிடம் சேர்கோணத்தோடு நிறுத்தாமல், எவ்வளவு பெரிய துளி எத்தனை டிகிரி சாய்வில் ஓடும் என்று கேளுங்கள். புதிதாகப் பூசியபோது எவ்வளவு, ஐம்பது முறை கழுவிய பிறகு எவ்வளவு என்று இரண்டு எண்ணாகக் கேளுங்கள். அந்த எண்களைப் பாட்டிலின் மேலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தால் இன்னும் நல்லது. பதில் சொல்லத் தயங்குபவரின் பொருளுக்குத் தாமரையின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கார் பராமரிப்புக் கடைக்காரர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.